பத்திரம் பார்த்தோம், பருப்பு வேகுமா என்று பார்த்தோமா?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. கலவை சாதம் சாப்பிட்டு, கையில் வளையல் குலுங்க, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, அவுக துபாயில இருக்காக. திண்டுக்கல் பக்கத்துல மூணு சென்ட் இடம் பேசியிருக்கு. வீடியோ அனுப்பியிருக்காங்க, ரோடெல்லாம் பளிச்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் போடணுமாம். போடலாமா?"

"நீ நேரில் போய்ப் பார்த்தியா?"

"இல்ல அத்தை. அதான் வீடியோவுல எல்லாம் தெரியுதே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். அவளுக்குச் சொன்னதை நம் சகோதரிகள் எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு நாக்பூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை. இருபத்தெட்டு வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. ஓய்வு பெற்றதும் சொந்த மண்ணில் ஒரு வீடு என்பது எங்கள் இருவரின் ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. கடைசிக் காலத்தில் ஊர்ப்பக்கம் போய்விட வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருப்பார். கையில் இருந்தது சேமநல நிதிப் பணமும் என் நகைகளும்தான். ஒரு தடவை தப்பு பண்ணினால் இன்னொரு தடவை வாங்க வழியில்லை.

2023-ஆம் வருஷம், கணவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு மனை வந்தது. திண்டுக்கல்லை ஒட்டிய ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கேயும் நம்மைப் போலப் பெண்கள் குடித்தனம் செய்கிறார்கள். வழவழ தாளில் விளம்பரம் வந்தது. "பஸ் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம், சுவையான நிலத்தடி நீர், அங்கீகாரம் பெற்ற மனை" என்று போட்டிருந்தது. படத்தில் இரண்டு பக்கமும் பூச்செடி.

கணவர் பார்த்ததுமே மயங்கிவிட்டார். "விட்டா வேற ஆள் வாங்கிருவான்" என்று பறந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "உங்க அக்கா கன்னிவாடியிலதானே இருக்காங்க? அவங்க ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வரட்டுமே."

"அக்காவுக்கு என்ன தெரியும்? எட்டாவது படிச்சவங்க" என்றார்.

மதினிக்கு என்ன தெரியும் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மதினி கன்னிவாடியில் வாக்கப்பட்டு நாற்பது வருஷம் ஆகிறது. மனைக்காரர் "காரை அனுப்புறோம்" என்று சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். பஸ்ஸிலேயே திண்டுக்கல் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தார். நின்று ஏற்றி இறக்கிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சீமைக் கருவேலம் நடுவே நடை. பத்து நிமிடம் என்றது கார்க்காரன் கணக்கு, அதுவும் மத்தியானத்தில். மாமியாரைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் கணக்கு வேறு இல்லையா?

அங்கே கட்டியிருந்தது நாலே வீடு. மதினி ஒரு வீட்டு வாசலில் நின்று, "தாயி, ஒரு சொம்பு தண்ணி கொடு" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். "போர்த் தண்ணி இல்லையா?" என்று கேட்டதற்கு, "அது பாத்திரம் கழுவ" என்றாளாம். மதினி விடவில்லை. கொண்டுபோயிருந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் அந்தப் போர்த் தண்ணீரையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை எனக்குப் போன். "ஏத்தா, ஒரே துவரம்பருப்பைத்தான் ரெண்டு குக்கர்ல வெச்சேன். நம்ம தண்ணியில மூணு விசிலுக்குக் குழைஞ்சு போச்சு. அந்தத் தண்ணியில ஆறு விசிலுக்கும் முழிச்சுக்கிட்டு நிக்குது. கொதிக்க வெச்ச பாத்திரத்துல வெள்ளை வெள்ளையாப் படியுது. நீ யோசிச்சுக்க."

இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை பருப்பிலுள்ள பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அதனால்தான் பருப்பு மசியாது. சோப்பு நுரைக்காததும் இந்த உப்புகளால்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர அளவு; வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி யாரும் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல் பக்கம் இடம் வாங்குபவர்கள் இதை அலட்சியமாக விடவே கூடாது. பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் போன ஊர் இது. தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. வேலூர் மக்கள் நலமன்றம் தொடர்ந்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில், ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த ஐந்தில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஆகவே இந்தத் திசையில் தண்ணீர் எப்படி, அந்தத் திசையில் எப்படி என்று விசாரிக்காமல் இங்கே கால் வைக்கக் கூடாது.

மதினி இரண்டாம் தடவை போனது விளக்கு வைக்கும் நேரத்தில். தெரு விளக்குக் கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியில் ஒரு மதுக்கடை. "கல்லூரி விட்டு வர்ற புள்ளைங்க அந்த இடத்தை ஓட்டமும் நடையுமாக் கடக்குதுக" என்றார். என் மகளை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை ஐப்பசி மழை பெய்த மறுநாள். மேற்கு வரிசை மனைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்களுக்குக் காட்டியதும் மேற்கு வரிசைதான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவியிடம், "இந்த இடத்துக்கு முன்னாடி என்ன பேரு?" என்று கேட்டிருக்கிறார். "ஓடைக்காடு" என்றாளாம் கிழவி. சகோதரிகளே, நகர் என்றும் கார்டன் என்றும் புதுப்பெயர் வைக்க அரை நிமிடம் போதும். பழைய பெயர் ஓடைக்காடு, குளத்துமேடு, பள்ளக்காடு என்றிருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அதுவே சொல்லிவிடும்.

மதினி நிலத்தைப் பார்க்க, நாக்பூரில் நானும் மகளும் காகிதத்தைப் பார்த்தோம். இந்த விஷயத்தில் காலம் எவ்வளவோ மாறிவிட்டது. முன்பு இதற்கெல்லாம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். இப்போது மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டாவும், 'அ' பதிவேடும், நிலத்தின் புலப்படமும் பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். அரசு வழிகாட்டி மதிப்பும் அங்கேயே தெரியும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று பதிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓடை, குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் கும்பிடு போட்டு வந்துவிட வேண்டும். கோயில் நிலமா, 1892-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலமா, பூமிதானத்தில் ஏழைகளுக்குக் கொடுத்த நிலமா என்றும் கேட்க வேண்டும். பஞ்சமி நிலமும் பூமிதான நிலமும் பிறர் இஷ்டம்போல் வாங்கி விற்கக் கூடியவை அல்ல.

"அங்கீகாரம் பெற்றது" என்று சொன்னால் எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டு வந்தது. பழைய மனை என்றால் அந்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் போடும் லே-அவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் விளம்பரமே செய்ய வேண்டும் என்பது சட்டம்.

எங்களுக்கு வந்த மனையில் அங்கீகார எண் சரியாகவே இருந்தது. வில்லங்கச் சான்றைப் பார்த்தபோதுதான் மகளுக்கு ஒரு சந்தேகம். அந்த நிலத்தை 2011-ல் இரண்டு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பதிந்திருந்தார்கள். அப்புறம்தான் மனையாகப் போட்டு விற்க ஆரம்பித்தது. "ஏம்மா, அவங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

இதை எந்த இணையதளத்திலும் பார்க்க முடியாது. மதினிக்குப் போன் போட்டேன். அந்த ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்று ஒரே நாளில் விசாரித்துவிட்டார். ஒரு தங்கை இருக்கிறாள். நத்தம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. பாகப் பத்திரத்தில் அவள் கையெழுத்து இல்லை. "அவளுக்குத்தான் நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே" என்பது அண்ணன்களின் பதில்.

இந்து குடும்பங்களில் அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில், கல்யாணம் ஆகாத பெண்களுக்குச் சமபங்கு என்று 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கல்யாணம் ஆன பெண்ணுக்கும் உண்டு என்று 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் ஆனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சீர் செய்ததால் பங்கு தீர்ந்தது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தத் தங்கை நாளைக்கு வழக்குப் போட்டால், நாங்கள் கட்டிய வீடுதான் கோர்ட்டில் நிற்கும்.

கணவர் அப்போதும், "கையெழுத்து வாங்கித் தரோம்னு சொல்றாங்களே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்கு அவரிடம் சொன்னேன். என் அப்பா இறந்த மறுவருஷம், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்த மறுநாள், "ஒரு கையெழுத்துதாம்மா" என்று காரில் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். நான் படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் மேல் எனக்கு இன்றும் பாசம்தான். ஆனாலும் என்னிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாம். இன்னொரு பெண்ணைக் கேட்காமல் எடுத்த மண்ணில் எனக்கு வீடு வேண்டாம் என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நான் இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் அனுப்பிட்டேன்" என்றார். விளம்பரம் வந்த மறுநாளே அனுப்பியிருக்கிறார். என்னிடம் சொல்லப் பயம். ரசீது கூட வாங்கவில்லை. அந்தப் பணம் இன்று வரை வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே மதினிக்குப் போன் போட்டு, "அக்கா, நீயே ஒரு இடம் பாரு" என்றார்.

அப்படித்தான் 2024-ல் கன்னிவாடிக்கே வந்து சேர்ந்தோம். மதினி தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றும் பின்னால் கொஞ்சம் காலி இடமும். விற்றவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கை நாலு பேரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். வீடு என் பெயரில். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டினோம். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்ற சலுகை 2025 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

சரி, எல்லாம் விசாரித்து வந்தோமே, ஏமாறாமல் இருந்தோமா? அதுதான் இல்லை! குடி வந்து இரண்டாம் வாரம், ராத்திரி 'டமார் டமார்' என்று வெடிச்சத்தம். நான் பயந்துபோய் வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் திருப்பூர்ப் பெண், கல்யாணமாகி எட்டு மாதம்தான். "தோப்புல யானை இறங்கிருச்சு அத்தை. வெடி போட்டு விரட்டுறாங்க. நானும் வந்த புதுசுல இப்படித்தான் நடுங்குனேன்" என்றாள். மலையடிவாரத் தோட்டங்களுக்கு யானை வருவது இங்கே வழக்கம். பின்னால் வாழை வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைக் கேட்டுச் சிரித்தாள். "முருங்கையும் கீரையும் போதும் அத்தை." ஆடிக் காற்றில் சமையலறை ஜன்னலைத் திறக்க முடியாது, ராத்திரி பஸ்ஸை விட்டால் ஆட்டோதான் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மறுநாள் மதினியிடம், "இதெல்லாம் ஏன் மதினி சொல்லலை?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு விஷயமா? யானை அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்" என்றாரே பார்க்கலாம்!

மதினி மறைக்கவில்லை. நாற்பது வருஷத்தில் அவருக்குப் பழகிவிட்டது. குறை என்றே தோன்றவில்லை. ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஊரின் குறை கண்ணில் படாது. அதனால் நீங்கள் ஒரு தெருவைப் பற்றி விசாரிக்கும்போது, அங்கே பிறந்து வளர்ந்தவரையும் கேளுங்கள். ஒரு வருஷத்துக்குள் வாக்கப்பட்டு வந்த மருமகளையும் கட்டாயம் கேளுங்கள். அவளுக்குத்தான் எல்லாம் இன்னும் புதுசாகத் தெரியும்.

தூரத்திலிருந்து இடம் வாங்கும் சகோதரிகளுக்காக, நான் பட்டுத் தெரிந்தது இவ்வளவுதான்:

1. வீடியோவை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் ஒப்பந்தம், கையில் ரசீது.

2. நம்பிக்கையான ஒரு பெண்ணைப் பஸ்ஸில் அனுப்புங்கள். காலை ஒருதரம், விளக்கு வைத்த பின் ஒருதரம், மழைக்கு மறுநாள் ஒருதரம்.

3. அந்த இடத்துப் போர்த் தண்ணீரில் பருப்பு வேக வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்கும் கொடுங்கள். பஞ்சாயத்துக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்று குடத்தோடு நிற்கும் பெண்களைக் கேளுங்கள்.

4. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், முப்பது வருஷத்துக்குக் குறையாத வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மூலப் பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

5. விற்பவர் வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வாரிசுச் சான்றில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை பெயர் என்று எண்ணுங்கள்.

6. அந்த இடத்தின் பழைய பெயரை வயசானவர்களிடம் கேளுங்கள்.

வளைகாப்பில் கேட்ட பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் போடவில்லை. அவள் அம்மா காலிப் பாட்டிலோடு திண்டுக்கல் பஸ் ஏறியிருக்கிறார். பருப்பு வெந்ததா என்று இன்னும் தகவல் வரவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் இடம் வாங்குகிறவர்கள் என்ன கேட்டு வர வேண்டும்? நீங்களும் எழுதுங்களேன். எங்கோ இருக்கும் ஒரு சகோதரியின் சேமிப்பு தப்பிக்கும்.

– ஒரு வாசகி, கன்னிவாடி.